இரண்டாம் எண்ணிக்கையை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

2024 செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் வாக்களித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த இலங்கை மக்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு ஒரு புதிய செய்தி சொன்னது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இரண்டாம் எண்ணிக்கை நடக்கும் என்பதே அது. 1982 முதல் நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களும் முதல் எண்ணிக்கையோடு முடிந்துபோயிருந்தன. ஒன்பதாவதில்தான் சட்டத்தில் எழுதி வைத்திருந்த அந்த இரண்டாம் கட்டத்தை நாடு முதன்முறையாகப் பார்த்தது. இரண்டாம் முறை எதை எண்ணுவார்கள், எண்ணிய வாக்கையே திரும்ப எண்ணுவார்களா என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டில் எத்தனை பெரியவர்களால் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க முடியும்?

ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் லேசில் கிடைக்காது. ஆனால் நம் பாடசாலைகளில் மாதிரித் தேர்தல் என்றால் நடப்பது வேறு. நாலு பேர் மேடையேறிப் பேசுவார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள், கைதட்டல் கிடைக்கும், வாக்களிப்பும் நடக்கும். கடைசியில் ஆசிரியர் ஒருவர் பெட்டியைத் தனியே எடுத்துப்போய் எண்ணிவிட்டு வந்து பெயரை அறிவிப்பார். மாணவர் பாராளுமன்றத் தேர்தலிலும் பெரும்பாலும் இதே கதைதான். பேச்சுப் பயிற்சிக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாக்கு எப்படி அதிகாரமாக மாறுகிறது என்பது எண்ணும் மேசையில்தான் தெரியும். அந்த மேசையில் மாணவர்கள் உட்கார வேண்டும். இந்தக் கட்டுரை வற்புறுத்துவது அதைத்தான்.

முதலில் விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டால், வாக்காளர் தனக்கு மிகவும் பிடித்தவருக்கு 1 என்று இடலாம். விரும்பினால் இன்னும் இருவருக்கு 2, 3 என்றும் இடலாம். ஒருவருக்கு எதிரே புள்ளடி மட்டும் போட்டாலும் அது முதல் விருப்பாகவே ஏற்கப்படும். 1 இல்லாமல் 2, 3 மட்டும் இட்டால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவருக்குக் கிடைத்தால் அவர் ஜனாதிபதி. இல்லாவிட்டால் முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் போட்டியிலிருந்து நீக்குவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, அவற்றில் 2 என்பது அந்த இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டின் வேலை அதோடு முடிந்தது.

இதை வாயால் விளக்கினால் தரம் 10 பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த பாடவேளைக்குள் மறந்துவிடுவார்கள். சீட்டைக் கையில் கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வேட்பாளர்களாக அரசியல்வாதிகள் வேண்டாம். பாடசாலையில் முதலில் சரிசெய்ய வேண்டியது எது என்று ஐந்து தெரிவுகள் போதும்: கழிவறை, மைதானம், கணினி அறை, நூலகம், குடிநீர். ஆளுக்கொரு சீட்டு. முதல் தடவை எல்லோரும் 1 மட்டும் இடட்டும். கழிவறைக்கு 14, மைதானத்துக்கு 11, கணினி அறைக்கு 8, நூலகத்துக்கு 4, குடிநீருக்கு 3 என்று வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் என்றால் 21 வேண்டும், யாரிடமும் இல்லை. கீழே உள்ள மூன்றும் நீங்குகின்றன, அவற்றின் 15 சீட்டுகளையும் புரட்டிப் பார்த்தால் 2 உம் இல்லை, 3 உம் இல்லை. 14க்கு 11 என்று கழிவறை வெல்கிறது. இப்போது அதே வாக்கெடுப்பை மறுபடி நடத்துங்கள். இம்முறை எல்லோரும் 1, 2, 3 மூன்றையும் கட்டாயம் இட வேண்டும். அந்த 15 சீட்டுகளில் 10 மைதானத்துக்கும் 5 கழிவறைக்கும் போனால் மைதானம் 21, கழிவறை 19. முடிவு தலைகீழ். அதே வகுப்பு, அதே பிள்ளைகள், முதல் விருப்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று அவர்களே சண்டை பிடிக்கத் தொடங்குவார்கள். ஆசிரியர் அப்போது ஒதுங்கி நிற்க வேண்டும்.

அந்தச் சண்டை ஓய்ந்த பிறகுதான் 2024 இன் உண்மையான எண்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பதிவு செய்த வாக்காளர்கள் 17,140,354. வாக்களித்தவர்கள் 13,619,916. நிராகரிக்கப்பட்டவை 300,300. செல்லுபடியானவை 13,319,616. அநுர குமார திசாநாயக்க 5,634,915, அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாச 4,363,035, அதாவது 32.76 வீதம். நடப்பு ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 2,299,767 வாக்குகளோடு மூன்றாவது. நாமல் ராஜபக்ச 342,781, தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343. நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் மட்டும் ஒரு வேட்பாளராக நின்றிருந்தால் அரியநேத்திரனை முந்தி ஐந்தாம் இடத்துக்கு வந்திருக்கும். பிழையாக இடப்பட்ட வாக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உணர்த்த இந்த ஒரு ஒப்பீடு போதும்.

இனிக் கணக்குப் பாடம். முதல் இருவரையும் தவிர்த்து மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 3,321,666. இரண்டாம் எண்ணிக்கையில் அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264 வாக்கும் சஜித்துக்கு 167,867 வாக்கும் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 273,131. முப்பத்துமூன்று இலட்சம் சீட்டுகளில் 8 வீதம் சொச்சம் மட்டுமே! மீதி 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில், கடைசிப் போட்டியில் நின்ற இருவரில் எவரும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இறுதி முடிவு அநுரவுக்கு 5,740,179, சஜித்துக்கு 4,530,902. இருவருக்குள் மட்டும் பார்த்தால் அநுரவுக்கு 55.89 வீதம். முதலில் செல்லுபடியான எல்லா வாக்குகளிலும் பார்த்தால் 43.1 வீதம். ‘ஐம்பது வீதத்துக்கு மேல் எடுத்தால்தான் ஜனாதிபதி’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது ஒரு திருத்தம். சட்டப்படி முறையாகவே அவர் தெரிவானார். பாதி என்பதை எந்த மொத்தத்தின் பாதி என்று கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே அடுத்த கேள்விக்குப் போகும். எல்லோரும் 2, 3 இட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடைவெளி 1,271,880. அதைத் தாண்ட, நீக்கப்பட்ட சீட்டுகளில் ஏறத்தாழ 69 வீதம் சஜித்துக்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் இருவரில் ஒருவருக்கு விருப்பு இடப்பட்ட சீட்டுகளில் அவருக்குக் கிடைத்தது 61.5 வீதம். அதே விகிதம் எல்லாச் சீட்டுக்கும் பொருந்தியிருந்தால் அநுரவே வென்றிருப்பார். விருப்பு இடாதவர்களின் மனமும் இட்டவர்களின் மனமும் ஒன்றுதானா என்று இன்னொரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளைக்குப் புள்ளிவிபரவியலின் முதல் பாடம் பிடிபட்டுவிட்டது. கணித ஆசிரியரும் குடியுரிமைக் கல்வி ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

மக்கள் ஏன் 2, 3 இடவில்லை என்பதற்கும் வகுப்பில் நேரம் ஒதுக்க வேண்டும். நம் வாக்காளர் மூன்று வகையான தேர்தலுக்கு மூன்று விதமாகச் சீட்டைப் பயன்படுத்துகிறார். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு புள்ளடி. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி, அந்த மூன்று விருப்பு வாக்குகளுக்கும் சம மதிப்பு. ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் வரிசைப்படுத்தும் இலக்கங்கள். எட்டுத் தடவையும் தேவைப்படாத ஒன்றை ஒன்பதாவது தடவை நினைவில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். தவிர, எந்த வேட்பாளரும் ‘எனக்கு 1, என் போட்டியாளருக்கு 2’ என்று மனமுவந்து கேட்க மாட்டார். இந்த வேலையைச் செய்ய மிஞ்சியிருப்பது பாடசாலைதான்.

இதற்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியதுமில்லை. இலங்கையில் தேர்தல் கடமைக்குப் போகும் அரச ஊழியர்களில் ஆசிரியர்கள் ஏராளம். ஆசிரியர் அறையில் விசாரித்தால், வாக்கெடுப்பு நிலையத்தில் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராக இருந்தவரோ, வாக்கெண்ணும் நிலையத்தில் விடிய விடிய நின்றவரோ நிச்சயம் ஒருவர் அகப்படுவார். வெற்றுப் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டி முத்திரையிடுவது எப்படி, பெயர் வாசித்ததும் விரலில் மை பூசுவது யார், சந்தேகமான சீட்டை மேசையில் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லட்டும். அவர் முன்னால் பிள்ளைகளே அலுவலர்களாகவும் முகவர்களாகவும் உட்காரட்டும். வேண்டுமென்றே பழுதாக்கிய சில சீட்டுகளைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பெயர் எழுதிய சீட்டு, இரண்டு பேருக்கு 1 இட்ட சீட்டு, கோட்டின் மேல் விழுந்த புள்ளடி. ஒவ்வொன்றையும் ஏற்பதா விடுவதா என்று முகவர்கள் வாதாடும்போது வகுப்பு கூர்ந்து கவனிக்கும். அதுவரை வாயே திறக்காத பிள்ளை அங்கே பேசும்.

எண்ணுவது ஒரு பாதி என்றால், வாக்காளர் மனதில் அந்த இலக்கத்தை எழுத வைத்த செய்திகள் மறு பாதி. பத்திரிகையிலிருந்து தொடங்குவது சுலபம். தேர்தல் காலத்தில் ஒரே நாளின் வீரகேசரி, தினகரன், உதயன் மூன்றையும் மேசையில் விரித்து வைக்கலாம். முடிந்தால் பக்கத்திலேயே ஒரு லங்காதீபவோ தினமினவோ இருக்கட்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையோ ஆசிரியரோ தலைப்பை மட்டும் சொன்னால் போதும். யாருடைய படம் பெரிது, யாருடைய கூட்டம் உள்பக்கத்துக்குப் போனது, எந்த வேட்பாளரின் பெயர் எங்குமே இல்லை என்று பிள்ளைகள் அளவுகோலால் அளந்து கொப்பியில் எழுதட்டும். தினகரனையும் தினமினவையும் வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, வீரகேசரியும் உதயனும் தனியார் பத்திரிகைகள் என்ற தகவலை அளந்து முடித்த பிறகு சொன்னால் போதும். முன்னரே சொல்லிவிட்டால் பிள்ளைகள் எதிர்பார்த்ததைத்தான் காண்பார்கள். 2024 இல் 38 பேர் போட்டியிட்டார்கள், அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. இதை எந்தப் பத்திரிகை எழுதியது என்று தேடச் சொல்வதும் நல்ல பயிற்சி.

பத்திரிகையைவிடக் கடினமானது கைபேசி. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. வாக்குப்பெட்டிக்குள் யாரோ கட்டுக்கட்டாகச் சீட்டுத் திணிக்கும் மங்கலான ஒரு காணொளியைக் காட்டி, இது அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான சான்றா என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் ஆம் என்றார்கள். அந்தக் காட்சி எடுக்கப்பட்டது ரஷ்யாவில். இணையத்தில் தேட எல்லோருக்கும் அனுமதி இருந்தும், மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். இணையத்தோடு வளர்ந்த பிள்ளைகளின் நிலையே இதுவென்றால், அறிவுரை சொல்லிப் பயனில்லை, செய்து பழக்க வேண்டும் என்று ஆகிறது.

நம் வகுப்பில் இப்படிச் செய்யலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்த தேர்தல் செய்தி ஒன்றைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும், அனுப்பியவர் பெயர் வேண்டாம். அந்தச் செய்தியையே உற்று உற்றுப் பார்த்து உண்மையா பொய்யா என்று ஊகிப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் வழக்கம். அதை விட்டுவிட்டு உடனே வெளியே போய்த் தேட வேண்டும். படத்தை இணையத் தேடலில் இட்டு அது முதன்முதலில் எப்போது வெளிவந்தது என்று பார்ப்பது, அதே செய்தி வேறு இரண்டு ஊடகங்களில் இருக்கிறதா என்று பார்ப்பது, பக்கத்தை நடத்துபவர் யார் என்று பார்ப்பது. பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஒரு வேட்பாளர் கூட்டத்தில் நிரம்பி வழியும் சனத்தைக் காட்டும் படம் ஐந்து வருடத்துக்கு முந்திய வேறு கூட்டத்தின் படம் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டால், அன்று இரவே வீட்டுக் குழுவிலும் அந்தப் பிள்ளை பேசத் தொடங்கும். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம், பரவாயில்லை.

தேர்தல் விஞ்ஞாபனங்களையும் விடக்கூடாது. நாலு வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்களில் கல்வி பற்றிய பந்தியை மட்டும் வெட்டி, பெயரையும் சின்னத்தையும் மறைத்து வாசிக்கக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில், ஜனாதிபதி தனியாக இதைச் செய்ய முடியுமா, பாராளுமன்றம் சட்டமோ நிதியோ தர வேண்டுமா, அரசியலமைப்பையே திருத்த வேண்டுமா என்று குறிக்கச் சொல்லுங்கள். 2024 செப்டெம்பர் 23 இல் அநுர குமார பதவியேற்றபோது பாராளுமன்றத்தில் அவருடைய அணிக்கு இருந்தவை 3 ஆசனங்கள். மறுநாளே பாராளுமன்றம் கலைக்கப்பட்டு நவம்பர் 14 இல் பொதுத் தேர்தல் நடந்ததற்கான காரணம், இந்தப் பயிற்சியைச் செய்த பிள்ளைக்குத் தானாக விளங்கிவிடும்.

அப்புறம், எல்லா ஆசிரியர்களும் அஞ்சும் அந்தக் கேள்வி: ‘சேர், நீங்க யாருக்குப் போட்டீங்க?’ பாடசாலைக்குள் கட்சி அரசியல் கூடாது என்ற விதியைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதைவிட நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. வாக்கு இரகசியமானது, என்னுடைய வாக்கும் அப்படித்தான், உன் அம்மாவுடைய வாக்கும் அப்படித்தான், நாளைக்கு உன்னுடையதும் அப்படித்தான் என்று சொல்லலாம். இதைச் சொல்லும் ஆசிரியர் கேள்வியிலிருந்து ஒளியவில்லை, பாடம்தான் நடத்துகிறார். அதற்காக ஒட்டுமொத்தமாக வாயை மூடிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆசிரியர் மௌனமானால் அந்த இடத்தை நிரப்புவது டிக்டொக்.

குறிப்பாக வடக்கில் சில எண்களைப் பேசாமல் இருக்கவே முடியாது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.2 வீதம். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நடைமுறைப்படுத்தப்பட்ட காலம் அது. மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளால். போர் முடிந்தபின் 2010 இல் அதே மாவட்டத்தில் கால்வாசிப் பேர் வாக்களித்தார்கள், 2015 இல் மூன்றில் இரண்டு பங்கினர். 2024 இல் அங்கே சஜித்துக்கு 121 ஆயிரம், சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு 116 ஆயிரம் என்ற அளவில் வாக்குகள் விழுந்தன. சங்குக்கு 1 மட்டும் இட்ட சீட்டு இரண்டாம் எண்ணிக்கையில் எங்கே போனது? அப்படி இட்டவர் அதை அறிந்தேதான் இட்டாரா? இது சரி, இது பிழை என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எண்களை வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொரு ஆண்டும் ஊரில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால், பிள்ளைகள் மறுநாள் கொண்டுவரும் பதில்கள் ஒன்றோடொன்று முரண்படும். அந்த முரண்பாட்டோடு ஒரு வகுப்பை நடத்தும் பொறுமைதான் ஆசிரியருக்கு வேண்டும்.

ஹட்டனிலோ பதுளையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் பாட்டி முதன்முதலில் எந்த வயதில் வாக்களித்தார்? 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003 இல். இடையிலே எத்தனை தேர்தல்கள் நடந்தன என்று அவருடைய வயதோடு சேர்த்து ஒரு காலக்கோடு வரைந்தால், வாக்குரிமை பற்றி பாடநூல் நாலு பக்கத்தில் சொல்வது பேத்தியின் கொப்பியில் ஒரே பக்கத்தில் வந்துவிடும். சேகரிக்கத் தாமதித்தால் சொல்ல அந்தப் பாட்டிகள் இருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது செய்வது? தேர்தல் அறிவித்த பிறகு அதிபரும் பெற்றோரும் பதற்றத்தில் இருப்பார்கள், எதைச் செய்தாலும் கட்சி நிறம் பூசப்படும். தேர்தல் இல்லாத ஒரு தவணையில் சீட்டு எண்ணும் பயிற்சியைச் செய்துவிடுங்கள். பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் அனுப்பி, வேட்பாளர்கள் கழிவறையும் மைதானமும்தான் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இப்போதைய ஜனாதிபதி முறை நீடித்தால் அடுத்த தேர்தல் 2029 இல். 2024 இல் தரம் 8, 9 இல் இருந்த பிள்ளைகளில் அநேகர் அதற்குள் 18 வயதைத் தாண்டி, முதல் வாக்கைப் போடப் போகிறார்கள். அவர்களில் பலர் இன்னும் சில தவணைகள்தான் நம் வகுப்பில் இருப்பார்கள்.